ஊருணியான வரைபடம்: ஜான் வான் நியூமன் வாழ்வும் பணியும்

கண்டுபிடிப்பாளர் பலரை நாம் ஒரு பொருளோடு சேர்த்தே நினைவுகூர்கிறோம். நீராவி எந்திரம் என்றதும் ஜேம்ஸ் வாட் நினைவுக்கு வருகிறார். கம்பியில்லாத் தந்தி என்றதும் மார்க்கோனி வருகிறார். ஆனால் ஒரு பொருளைச் செய்து விற்காமல், அப்பொருளை எவரும் செய்துகொள்வதற்கான வரைபடத்தை உலகுக்கு அளித்துப் புகழ் பெற்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைக்கத் தக்கவர் ஜான் வான் நியூமன். இன்று மேசை மீதும் சட்டைப் பையிலும் இருக்கும் கணிப்பொறிகளின் உள்ளமைப்பை ஆராய்ந்தால், 1945இல் அவர் எழுதிய ஓர் அறிக்கையின் சாயல் அவற்றில் தென்படும்.

ஊருக்கு நடுவே உள்ள ஊருணியில் யார் வேண்டுமானாலும் நீர் முகக்கலாம். ஆனால் அந்த ஊருணியை வெட்டியவர் யார், அவர் பெயர் கல்வெட்டில் உள்ளதா என்ற வினாவும் உடன் எழத்தானே செய்யும்? வான் நியூமன் வாழ்வில் இவ்விரண்டும் பிணைந்து கிடக்கின்றன.

இளமையும் கல்வியும்

அங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யானோஷ். தந்தையார் வங்கித் தொழிலில் சிறந்து விளங்கிய செல்வர், யூத குலத்தவர். 1913இல் அரசு அவருக்குப் பிரபு பட்டம் அளித்தது. பெயருக்கு முன் நிற்கும் வான் என்ற சொல் அதனால் வந்ததே. மூன்று ஆண் மக்களுள் மூத்தவரான யானோஷ் சிறு வயதிலேயே பெரிய எண்களை மனத்தால் வகுத்துக் காட்டுவாராம். படித்த நூலின் பக்கங்களைப் பல்லாண்டு கழித்தும் பிழையின்றி ஒப்பிக்கும் நினைவாற்றல் அவருக்கு இருந்ததை நண்பர் பலரும் பதிவு செய்துள்ளனர்.

புடாபெஸ்ட் லூத்தரன் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். பிற்காலத்தில் இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னர் அதே பள்ளியில் ஓராண்டு மூத்த மாணவர். கணிதம் சோறு போடாது என்று அஞ்சிய தந்தையார், மகன் வேதிப் பொறியியல் படிக்க வேண்டுமென விரும்பினார். மகனோ இரண்டையும் விடவில்லை. 1926ஆம் ஆண்டில் சூரிக் நகரில் வேதிப் பொறியியல் பட்டத்தையும், புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டத்தையும் ஒருங்கே பெற்றார். பின்னர் கோட்டிங்கன் நகரில் ஹில்பர்ட் என்னும் கணித மேதையின் அரவணைப்பில் ஆய்வு செய்தார். குவாண்டம் இயக்கவியலின் கணித அடிப்படை பற்றி 1932இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் கற்கப்படுகிறது.

1930இல் அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டனுக்கு அழைக்கப்பட்டார். அங்குப் புதிதாக அமைந்த உயர் ஆய்வு நிறுவனத்தில் 1933இல் பேராசிரியரானார். ஐன்ஸ்டைன் பணியாற்றிய அதே நிறுவனம் அது. பேராசிரியருள் இவரே வயதில் இளையவர். 1937இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். எந்நேரமும் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வங்கி அதிகாரி போலவே தோன்றுவார். விருந்துகளும் வேடிக்கைப் பேச்சும் அவருக்கு மிகவும் பிடித்தவை. காரை மிக மோசமாக ஓட்டுவதில் பெயர் பெற்றவர்.

வானொலித் தொழில் காட்டிய வழி

வான் நியூமன் கணிப்பொறிக்குச் செய்த தொண்டை உணர, அக்காலத்து வானொலித் தொழிலைச் சற்றே நோக்குவது நன்று. ஏனெனில் முதல் மின்னணுக் கணிப்பொறிகள் வானொலிக்கென உருவான வால்வுகளைக் கொண்டே, அத்துறையில் பழகிய பொறியாளர்களால் கட்டப்பட்டன.

1918இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கர் சூப்பர் ஹெட்டிரோடைன் என்ற சுற்றமைப்பை வகுத்தார். எந்த நிலையத்தின் அலை வந்தாலும் அதனை ஒரே இடைநிலை அதிர்வெண்ணாக மாற்றிப் பெருக்கி, பின்பு ஒலியைப் பிரித்தெடுப்பது அம்முறை. நாளடைவில் வீட்டு வானொலிப் பெட்டிகள் பெரும்பாலும் இவ்வமைப்பையே தழுவின. அமெரிக்காவில் விற்பனையான இலட்சக்கணக்கான மலிவு விலைப் பெட்டிகளில் ஐந்தே வால்வுகள்: அதிர்வெண்ணை மாற்ற ஒன்று, இடைநிலை அலையைப் பெருக்க ஒன்று, ஒலியைப் பிரிக்க ஒன்று, ஒலிபெருக்கியை இயக்க ஒன்று, மாறு மின்னோட்டத்தை நேராக்க ஒன்று. மரப்பெட்டியும் பெயர்ப்பலகையும் வேறு வேறாயினும் உள்ளே இருந்த சுற்று ஏறத்தாழ ஒன்றே. வால்வு செய்யும் நிறுவனங்கள் தங்கள் கையேட்டின் பின்பக்கங்களில் மாதிரிச் சுற்றுப் படங்களை அச்சிட்டன. சிறு தொழிற்சாலைகள் அவற்றைப் பார்த்துப் பெட்டிகளைச் செய்தன. பழுது நீக்குவோருக்கும் இதனால் பெரும் நன்மை. ஒரு பெட்டியை அறிந்தவர் நூறு பெட்டிகளை அறிந்தவராவார்.

எனினும் அந்தப் பாதையில் ஒரு சுங்கச்சாவடி இருந்தது. காப்புரிமைகளைத் தன்வசம் வைத்திருந்த ஆர்.சி.ஏ. நிறுவனம் 1930இல்தான் பிறர் இந்தச் சுற்றைப் பயன்படுத்தக் கட்டணத்தின் பேரில் உரிமம் வழங்கத் தொடங்கியது. ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்வோ வழக்கு மன்றங்களிலேயே தேய்ந்தது. அதிர்வெண் பண்பேற்ற வானொலிக்கான உரிமைப் போராட்டத்தில் மனமுடைந்து 1954இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பொதுவான வரைபடம் ஒரு தொழிலை எவ்வளவு விரைவில் வளர்க்கும் என்பதை வானொலி காட்டியது. அவ்வரைபடத்துக்காக நடக்கும் உரிமைப் போர் எவ்வளவு துயரம் தரும் என்பதையும் அதுவே காட்டியது. கணிப்பொறி எந்தப் பாதையில் செல்லும் என்பது வான் நியூமன் காலத்தில் முடிவாக வேண்டியிருந்தது.

எனியாக் கண்ட காட்சி

இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமாஸில் நடந்த அணுகுண்டுப் பணியில் வான் நியூமன் ஆலோசகராக இருந்தார். வெடிப்பலைகள் பற்றிய அவருடைய கணக்குகள் மனித உழைப்பால் முடியாத அளவு பெருகின. அந்நிலையில், 1944ஆம் ஆண்டுக் கோடையில் அபர்டீன் ரயில் நிலையத்தில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற இராணுவக் கணித அலுவலரைத் தற்செயலாகச் சந்தித்தார். பிலடெல்பியாவிலுள்ள மூர் மின்பொறியியல் பள்ளியில் எனியாக் என்னும் மின்னணுக் கணக்குப் பொறி உருவாகி வருவதை அவர் வாயிலாக அறிந்தார். சில வாரங்களில் நேரில் சென்று கண்டார்.

ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கர்ட் ஆகிய இருவர் தலைமையில் கட்டப்பட்ட எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. எடை 30 டன். ஆனால் அதன் செயல்படு நினைவில் பத்து இலக்க எண்கள் 20 மட்டுமே தங்கும். ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி அமைக்க வேண்டும். அதற்கே நாட்கள் பல ஆகும். இக்குறையை நீக்க எட்வாக் என்ற அடுத்த பொறியைப் பற்றி அக்குழுவினர் முன்பே சிந்திக்கத் தொடங்கியிருந்தனர். பாதரசக் குழாயில் ஒலித் துடிப்புகளை ஓட விட்டு எண்களைச் சேமிக்கும் வழியை எக்கர்ட் வகுத்திருந்தார். வான் நியூமன் அக்கலந்துரையாடல்களில் ஆர்வத்தோடு கலந்துகொண்டார்.

ஓர் அறிக்கையின் கதை

அந்த விவாதங்களின் சாரத்தை லாஸ் அலமாஸிலிருந்து அவர் கையால் எழுதி அனுப்பினார். கோல்ட்ஸ்டைன் அதனைத் தட்டச்சு செய்வித்தார். 1945 ஜூன் 30ஆம் நாளிட்ட அவ்வறிக்கை 101 பக்கங்கள் கொண்டது. எட்வாக் பற்றிய அறிக்கையின் முதல் வரைவு என்பது அதன் தலைப்பு.

கணிப்பொறிக்கு வேண்டிய உறுப்புகள் ஐந்து என அறிக்கை வகுத்துக் காட்டியது. கணக்கிடும் பகுதி, கட்டுப்படுத்தும் பகுதி, நினைவகம், உள்ளே செலுத்தும் வழி, வெளியே பெறும் வழி என்பன அவை. இவற்றினும் தலையாய கருத்து ஒன்று உண்டு. கணக்கிட வேண்டிய எண்களும், எவ்வாறு கணக்கிடுவது என்ற ஆணைகளும் ஒரே நினைவகத்தில் எண்களாகவே இருக்கலாம் என்பதே அது. கம்பியைப் பிடுங்கிச் செருகும் வேலை இதனால் ஒழிந்தது. ஆணைத் தொடரை மாற்றினால் போதும், அதே பொறி வேறு தொழில் செய்யும். காலையில் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணித்த பொறி மாலையில் மழையைக் கணிக்கும்.

அறிக்கையின் எழுத்து முறையும் குறிப்பிடத் தக்கது. குறிப்பிட்ட வால்வு, குறிப்பிட்ட மின்தடை என்று கூறாமல், மூளை நரம்பணுவைப் போன்ற ஒரு கற்பனை உறுப்பைக் கொண்டே அனைத்தையும் விளக்கினார் வான் நியூமன். ஆதலின் பிலடெல்பியாவில் உள்ள பொறியைப் பார்த்திராதவரும் அதனைப் படித்துத் தம் ஊரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு ஒரு பொறியைத் திட்டமிட முடிந்தது. பிரிட்டனில் ஆலன் டூரிங் அதே ஆண்டு இறுதியில் தம் கணிப்பொறித் திட்டத்தை எழுதியபோது இவ்வறிக்கையையும் சேர்த்துப் படிக்குமாறு குறிப்பிட்டார். கேம்பிரிட்ஜ் மாரிஸ் வில்க்ஸ் இதனைப் படித்து, 1946 கோடையில் மூர் பள்ளியில் நடந்த சொற்பொழிவுகளின் பிற்பகுதியையும் கேட்டுச் சென்று எட்சாக் என்ற பொறியைக் கட்டினார். அது 1949 மே மாதத்தில் இயங்கத் தொடங்கியது.

விடுபட்ட பெயர்கள்

அறிக்கையின் முகப்பில் வான் நியூமன் பெயர் ஒன்றே இருந்தது. எக்கர்ட், மாக்லி பெயர்கள் இல்லை. அது முடிவுறாத வரைவு. மேற்கோள் குறிக்க வேண்டிய இடங்கள் வெறுமையாகவே விடப்பட்டிருந்தன. அதனைப் பலருக்கும் அனுப்பி வைத்தவர் கோல்ட்ஸ்டைன். ஆயினும் கண்டவரெல்லாம் முழு எண்ணமும் ஒருவருடையதே என்று கருதினர். இரவு பகலாக உழைத்த பொறியாளர்களுக்கு இது ஆறாத மனப்புண் ஆயிற்று.

மற்றொரு விளைவும் தொடர்ந்தது. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு கருத்து வெளியாகி ஓராண்டுக்குள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1947 ஏப்ரலில் நடந்த கூட்டத்தில், அறிக்கை பலர் கைக்குச் சென்றதே வெளியீடாகும் என இராணுவ வழக்கறிஞர்கள் கருத்துரைத்தனர். ஓராண்டு எப்போதோ கடந்திருந்தது. எட்வாக் கருத்துகள் இவ்வாறு பொதுவுடைமையாயின. எக்கர்ட், மாக்லி இருவரும் எனியாக்குக்காகப் பெற்ற காப்புரிமையையும் 1973 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று செல்லாததாக்கியது. வேறோர் அறிஞரான அட்டனசாப்பிடமிருந்து கருத்து பெறப்பட்டது என்பது அதற்கு ஒரு காரணம். வான் நியூமனின் வரைவு முன்னரே வெளியாகிவிட்டது என்பது மற்றொன்று.

வான் நியூமனின் பெருமையைப் பேசுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவதுண்டு. அது முறையன்று. வரைபடம் பொதுவாவது நன்மை. வரைந்தோர் பெயர் மறைவது நன்மையாகாது. முன்னதற்காகப் பின்னதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. நான்கு பெயர்களை முகப்பில் இட்டிருந்தால் அறிக்கையின் பயன் ஒரு சிறிதும் குறைந்திராது.

பிரின்ஸ்டன் பொறி

1946இல் வான் நியூமன் தம் நிறுவனத்திலேயே ஒரு கணிப்பொறியைக் கட்டத் தொடங்கினார். சிந்தனைக்கே உரிய அவ்விடத்தில் பற்றவைப்புக் கோலும் வால்வும் ஏந்திய பொறியாளர் நுழைவதைப் பேராசிரியர் சிலர் விரும்பவில்லை. ஜூலியன் பிகலோ தலைமைப் பொறியாளரானார். ஆர்தர் பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நியூமன் மூவரும் 1946 ஜூன் மாதத்தில் வடிவமைப்பு அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். இம்முறை மூவர் பெயரும் முகப்பில் இருந்தன. காப்புரிமை கோராமல் பொதுவில் விடுவது என்ற முடிவும் இம்முறை தெரிந்தே எடுக்கப்பட்டது. பணி வளர வளர, முன்னேற்ற அறிக்கைகளும் சுற்றுப் படங்களும் பல ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன.

பொறியில் இருந்த வால்வுகள் ஏறத்தாழ 1,700. எனியாக்கில் இருந்தவற்றில் பத்தில் ஒரு பங்கு! அவற்றுள் பெரும்பாலானவை 6ஜே6 என்னும் சிறு இரட்டை வால்வு. அது போர்க்காலத்தில் வானொலிக் கருவிகளுக்காகப் பெருமளவில் செய்யப்பட்டு மலிவாகக் கிடைத்தது. நினைவகத்துக்குத் தொலைக்காட்சிப் படக்குழாய் போன்ற 40 எதிர்மின் கதிர்க்குழாய்கள் அமைந்தன. ஒவ்வொரு குழாயின் முகத்திலும் 32 வரிசை, வரிசைக்கு 32 புள்ளி என 1,024 மின்னேற்றப் புள்ளிகள் இருந்தன. ஒரே கணத்தில் 40 குழாய்களையும் படித்தால் 40 இலக்கம் கொண்ட ஓர் இருமச் சொல் கிடைக்கும். புள்ளியின் மின்னேற்றம் நொடிப்பொழுதில் கசிந்துவிடுமாதலால், பொறி இடைவிடாது அதனைப் படித்து மீண்டும் எழுதியவாறே இருக்க வேண்டும். இம்முறையை வகுத்தவர் மான்செஸ்டர் வில்லியம்ஸ். மொத்த நினைவு 5 கிலோபைட்டு மட்டுமே. கைப்பேசியில் எடுக்கும் ஒரு சிறு புகைப்படம் கூட அதில் அடங்காது.

1952 ஜூன் 10ஆம் நாள் அப்பொறி முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. சார்னி குழுவினர் அதில் வானிலையைக் கணித்தனர். ஹைட்ரஜன் குண்டுக்கான கணக்குகளும் அதே பொறியில் நடந்தன. அமைப்பு உலகுக்குத் திறந்திருந்தது. செய்த கணக்கோ பூட்டிய அறைக்குள் இருந்தது. இம்முரண்பாட்டையும் நாம் மறத்தல் ஆகாது.

உலகெங்கும் உடன்பிறப்புகள்

அந்த வரைபடத்திலிருந்து ஒரு குடும்பமே தோன்றியது. லாஸ் அலமாஸில் மேனியாக், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்ட்வாக்கும் இல்லியாக்கும், சாண்டா மோனிகாவில் வான் நியூமன் பெயரையே தாங்கிய ஜானியாக், ஸ்டாக்ஹோமில் பெஸ்க், இஸ்ரேலில் வைசாக், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் சில்லியாக் எனப் பத்து ஆண்டுக்குள் அவை பரவின. ஜப்பானியர் 1957இல் முசாசினோ என்ற பொறியைச் செய்தபோது வால்வுக்கு மாற்றாகப் பாராமெட்ரான் என்ற தம் நாட்டு உறுப்பைப் பயன்படுத்தினர். அமைப்பு மட்டும் இல்லியாக்கைத் தழுவியது. உறுப்பு மாறினும் வரைபடம் நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஒன்றை இங்குக் கூறியாக வேண்டும். உடன்பிறந்தார் ஆயினும் இப்பொறிகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒவ்வொரு குழுவும் தன் தேவைக்கேற்ப ஆணைகளைக் கூட்டியும் குறைத்தும் அமைத்துக்கொண்டது. ஆகவே ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் பெரும்பாலும் ஓடாது. இரட்டையராகப் பிறந்த ஆர்ட்வாக்கும் இல்லியாக்கும் இதற்கு விலக்கு.

இக்குடும்பத்தின் ஒரு கிளை நம் நாட்டிலும் வேர் விட்டது. ஹோமி பாபா நிறுவிய பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஓர் இளைஞர் குழு கணிப்பொறி அமைக்கும் பணியில் இறங்கியது. பிரின்ஸ்டன், இல்லினாய்ஸ் பொறிகளின் அமைப்பே அவர்களுக்கு வழிகாட்டி. 1956இல் முன்மாதிரிப் பொறியும், 1960 பிப்ரவரியில் முழுப் பொறியும் இயங்கின. இதிலும் 40 இருமச் சொல்லே. ஆனால் எளிதில் கெடும் கதிர்க்குழாய் நினைவகத்தை விடுத்துக் காந்த வளைய நினைவகத்தைப் பொருத்தினர். 1962இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டினார். விலை கொடுத்து வாங்க அன்னியச் செலாவணி இல்லாத நாட்டில், இளைஞர் சிலர் தம் கையால் கணிப்பொறி கட்டிப் பழகினர் என்றால், அதற்கு அந்தப் பொது வரைபடமும் ஒரு காரணம் அன்றோ?

இறுதி நாட்கள்

1955இல் அமெரிக்க அணு ஆற்றல் ஆணையத்தின் உறுப்பினராக வான் நியூமன் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் புற்றுநோய் அவரைப் பற்றியது. சக்கர நாற்காலியில் அமர்ந்தும் பணியை விடவில்லை. கணிப்பொறியையும் மூளையையும் ஒப்பிட்டு ஒரு சொற்பொழிவு வரிசையை எழுதத் தொடங்கினார். நோய் அதனை முடிக்க விடவில்லை. அவர் மறைந்த பின் 1958இல் அது நூலாக வந்தது. எண்ணுவதையே உயிராகக் கொண்டவருக்கு எண்ணம் மங்குவதே நோயினும் பெருந்துன்பமாக இருந்தது. மயக்க மருந்தின் வேகத்தில் இராணுவ இரகசியங்களை உளறிவிடக் கூடாதென மருத்துவமனை அறையில் காவல் இருந்தது. கணிப்பொறி வரைபடத்தை உலகுக்கே திறந்து வைத்தவரின் நாவுக்கு இறுதியில் காவல்! 1957 பிப்ரவரி 8ஆம் நாள் வாஷிங்டனில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 53. அவருடைய பொறி மறு ஆண்டே நிறுத்தப்பட்டுப் பின்னர் வாஷிங்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது.

நாம் கொள்ள வேண்டியது

ஒரு வரைபடம் பொதுவில் கிடைத்தால் பின் வருவோர் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வானொலியில் கண்ட இவ்வுண்மை கணிப்பொறியிலும் மெய்யாயிற்று. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறு கணிப்பொறியின் சுற்றுப் படங்களைக் கையேட்டில் அச்சிட்டபோதும், பல நிறுவனங்கள் அதே வகைப் பொறிகளைச் செய்து விலையைக் குறைத்தன. அறிவு, பகிரப் பகிரக் குறைவதில்லை.

ஆனால் பகிர்தலுக்கு ஓர் அறம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் செய்த சோதனையைப் பார்த்து நாம் எழுதும்போதும், நண்பர் குறிப்பேட்டைக் கொண்டு தேர்வுக்குப் படிக்கும்போதும், யாரிடமிருந்து பெற்றோம் என்று கூறும் நேர்மை வேண்டும். முதல் அறிக்கையில் வான் நியூமன் பெயர் மட்டும் இருந்தது. அடுத்த அறிக்கையில் மூவர் பெயர் இருந்தது. இடைப்பட்ட அந்த ஓராண்டில் ஏற்பட்ட மாற்றம் சிறிதாகத் தோன்றலாம். எனினும் மாணவர்களாகிய நாம் அவர் வாழ்விலிருந்து கற்கத் தக்கவற்றுள் அது சிறிதன்று. ஊருணியை எல்லோருக்கும் திறந்து வைப்போம். அதனை வெட்டியவர் பெயரைக் கரையில் பொறித்தும் வைப்போம்.